குருப்பிராவின் கணக்கு

கேள்வி இதுதான்: "பிரேசில் காட்டில் குருப்பிரா என்று ஒரு காவல் தெய்வம் உண்டு, அதன் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும், மரம் வெட்டுபவர்களைத் தண்டிக்கும் என்று படித்தேன். இது பழைய நம்பிக்கையா, சுற்றுச்சூழல் இயக்கம் வந்த பிறகு ஒட்டவைத்த கதையா? இது எப்போதாவது காட்டைக் காப்பாற்றியிருக்கிறதா? காட்டுக் கொடியில் முடிச்சுப் போட்டு எறிந்தால் விட்டுவிடும் என்கிறார்களே, அப்படி உண்மையில் செய்தார்களா?"

மூன்று கேள்விகள். கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதைக் கடைசிக்கே வைத்துக்கொள்கிறேன்.

பழசா என்றால், பழசுதான். பிரேசிலில் எழுத்தில் பதிவான நாட்டார் நம்பிக்கைகளிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 1560ஆம் ஆண்டு மே மாதம், சாவ் விசென்ட்டே என்ற கடலோரக் குடியேற்றத்திலிருந்து ஜோசே த அன்ஷியேத்தா என்ற இயேசு சபைத் துறவி தன் மேலிடத்துக்கு லத்தீனில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 26. மழை, பாம்பு, எறும்பு, மூலிகை என்று கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர், கடைசியில் இரவில் அலையும் ஆவிகளைப் பற்றியும் எழுதினார். இந்த ஊர் மக்கள் 'கொருப்பிரா' என்று சொல்லும் ஒன்று காட்டுக்குள் பழங்குடிகளைப் பிடித்துச் சாட்டையால் அடிக்கிறது, காயப்படுத்துகிறது, கொன்றும் போடுகிறது என்கிறார். எல்லார் வாயிலும் இந்தப் பேச்சுதான் என்றும் சொல்கிறார். அப்புறம் ஒரு விவரம் தருகிறார். உள்நாட்டுக்குப் போகும் ஒரு கரடுமுரடான பாதையில், உயரமான மலையின் உச்சியில், அந்த வழியே போகிறவர்கள் பறவை இறகு, விசிறி, அம்பு போன்றவற்றை வைத்து, "எங்களுக்கு ஒன்றும் செய்துவிடாதே" என்று வேண்டிக்கொண்டு போவார்களாம்.

அந்தக் கடிதத்தில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காவல் என்ற பேச்சும் இல்லை. அடிக்கிற ஆவி, அதற்குக் காணிக்கை, அவ்வளவுதான். துறவியின் கண்ணுக்கு அது பிசாசு. அதே கடிதத்தில் தண்ணீர்க் கரையோரம் பந்தம் போல மினுங்கி ஓடும் போயித்தத்தாவும் வருகிறது. அதையும் பிசாசுக் கணக்கில்தான் சேர்க்கிறார். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை மட்டும் அவரிடம் இருந்தது.

'வனத்தின் காவலன்' என்ற உருவம் தெளிவாக எழுத்துக்கு வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்து. 1876இல் கூத்தோ த மகல்யாயிஸ் என்ற படைத்தலைவர் துப்பி என்ற பிரேசில் பழங்குடி மொழிக் கதைகளையும் நம்பிக்கைகளையும் தொகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு ஆவிக்கும் ஒரு துறை என்று அதில் பிரித்துக் காட்டினார். குருப்பிராவுக்குக் காடு. அன்யங்காவுக்கு வெளிநில வேட்டை விலங்குகள். போயித்தத்தாவுக்குப் புல்வெளி, அதுவும் தீ வைப்பவர்களிடமிருந்து புல்வெளியைக் காப்பது. மந்திரிசபை மாதிரி இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்திருப்பது தொகுத்தவரின் கைவேலையோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. காட்டோர மக்கள் இப்படிக் கட்டம் போட்டுப் பிரிப்பதில்லை. ஒருவருக்குக் குருப்பிரா என்றால் அடுத்த ஊரில் அது கைப்போரா. இன்னோர் ஊரில் அது ஆணே இல்லை, பெண். சில இடங்களில் இரண்டும் ஒன்றே, சில இடங்களில் சொந்தக்காரர்கள்.

அவர் பதிவு செய்த கதைகளில் ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அமேசான் ஆற்றங்கரையில் உள்ள சாந்தாரெம் பக்கத்தில் துப்பினம்பா என்ற பழங்குடி இனத்து வேட்டைக்காரன் ஒருவன் ஒரு பெண்மானைத் துரத்துகிறான். அதன் பின்னால் பால்குடி மறக்காத குட்டி. தாய்க்கு அடிபட்டும் அது ஓடிவிடுகிறது. குட்டி கையில் சிக்குகிறது. அவன் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு குட்டியை வதைத்துக் கத்தவைக்கிறான். குரல் கேட்டுத் தாய் திரும்பி வருகிறது. அம்பு விடுகிறான், விழுகிறது. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தால் கீழே கிடப்பது அவனைப் பெற்ற தாய். அன்யங்கா அவன் கண்ணைக் கட்டியிருந்தது.

இந்தக் கதையில் வேட்டையாடியது குற்றமில்லை, கவனியுங்கள். பால் கொடுக்கும் தாயைத் தொட்டது குற்றம். குட்டியின் அழுகையைக் கண்ணியாக வைத்தது குற்றம். குருப்பிரா பற்றிய கதைகளிலும் இதே சட்டம்தான்: பசிக்குக் கொன்றால் சரி, வேடிக்கைக்குக் கொல்லாதே. சினையையும் குட்டியோடு இருப்பதையும் விட்டுவிடு. காயப்படுத்திவிட்டுப் போகாதே. எடுத்ததை வீணாக்காதே. குருப்பிரா சைவமில்லை. அதன் வேலை கணக்குப் பார்ப்பது.

கணக்குத் தப்பினால் தண்டனை விதவிதமாக வரும். அதன் பாதம் பின்னோக்கி இருப்பதால் தடத்தைப் பார்த்து விலகிப் போகிறவன் நேரே அதனிடமே போய்ச் சேருவான். ஒரு நாளும் வழி தவறாதவன் பழகிய காட்டுக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றுவான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பிரேசிலில் கைப்போரா பெக்காரி என்ற காட்டுப்பன்றியின் மேல் சவாரி வரும், முதல் அடி வேட்டை நாய்களுக்குத்தான் விழும். கண்ணுக்குத் தெரியாத சாட்டை வாங்கி, நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு எஜமானின் காலடிக்கு ஓடிவரும். அது தொட்டால், வேட்டைக்காரன் கொன்றுபோட்ட மிருகம்கூட எழுந்து ஓடிவிடும். அதைச் சமாதானப்படுத்தும் வழியும் எல்லாருக்கும் தெரியும்: காட்டுக்குள் நுழையும்போது ஒரு மரத்தடியில் கொஞ்சம் புகையிலை, முடிந்தால் ஒரு மடக்குக் கஷாசா, அதாவது கரும்புச் சாராயம். மிளகாய் மட்டும் கலக்கக் கூடாது, கைப்போராவுக்கு அது ஆகாது.

அமேசான் ஆற்றோர மக்களிடம் 'பனேமா' என்று ஒரு சொல் உண்டு. வேட்டைக்கோ மீனுக்கோ போனவன் நாள்கணக்கில் வெறுங்கையோடு திரும்பினால் அவன் பனேமா ஆகிவிட்டான் என்பார்கள். குறி பார்க்கும் கண் அதேதான், துப்பாக்கியும் அதேதான், ஆனால் ஒன்றும் சிக்காது. எதனால் என்று கேட்டால் இறைச்சியை, எலும்பைக் கண்டபடி எறிந்தது முதல் ஏகப்பட்ட காரணம் சொல்வார்கள். மிளகாய், பூண்டு போட்டுப் புகை காட்டித்தான் அதைக் கழிக்க வேண்டும். ஒரே வகை மிருகத்தை ஒருவன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் அந்த மிருகத்தின் 'தாய்' அவன் நிழலைத் திருடிவிடும், அவன் காய்ச்சலில் விழுவான் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. காட்டுக்குத் தாய், ஆற்றுக்குத் தாய், வேட்டை மிருகத்துக்குத் தாய் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாயோ உடைமைக்காரனோ உண்டு. 'காவல் தெய்வம்' என்று நீங்கள் எழுதியது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. 'சொந்தக்காரன்' என்பதுதான் அவர்கள் பேச்சுக்குப் பக்கத்தில் வரும். சொந்தக்காரனிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. 1967இல் பிரேசில் அரசு வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முதல் பிரிவே காட்டு விலங்குகள் அரசின் உடைமை என்கிறது. ஆக உடைமைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்பதில் அரசுக்கும் வேட்டைக்காரனுக்கும் சண்டையில்லை. யார் அந்த உடைமைக்காரன் என்பதில்தான் வேறுபாடு. அரசு என்ற உடைமைக்காரனைக் காட்டுக்குள் யாரும் பார்த்ததில்லை, குருப்பிராவின் விசிலையாவது கேட்டிருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் காட்டைக் காப்பாற்றியதா? ஓரளவுக்கு, ஒரு குறிப்பிட்ட அளவுகோலில் ஆம் என்று சொல்லத் துணிவேன். காடு என்றால் வெறும் மரம் இல்லை. பிரேசில் கொட்டை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டர் வரை வளரும். அதன் காய் தேங்காய்ச் சிரட்டை மாதிரி தடித்த ஓட்டோடு, ஒன்றிரண்டு கிலோ எடையில், உச்சியிலிருந்து குண்டு போலத் தரையில் விழும். உள்ளே பத்திருபது கொட்டைகள் சுளைசுளையாக அடுக்கியிருக்கும். அந்த ஓட்டை மனிதன் வெட்டுக்கத்தியால் கொத்தித்தான் திறக்க வேண்டும். காட்டுக்குள் அதைப் பல்லாலேயே துளைத்துத் திறப்பது அகூட்டி என்ற முயல் அளவுக் கொறிவிலங்கு. கொஞ்சம் தின்கிறது, மிச்சத்தை அங்கங்கே மண்ணில் புதைக்கிறது, சிலவற்றைப் புதைத்த இடம் மறந்துபோகிறது. மறந்த கொட்டைதான் மரமாகிறது. அகூட்டியைத் தீர்த்துவிட்டால் இன்று நிற்கும் மரங்கள் நிற்கும், நாளைய மரம் இருக்காது. 1992இல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற உயிரியலாளர் இதற்கு 'வெறுமையான காடு' என்று பெயர் வைத்தார். விமானத்திலிருந்து பார்த்தால் பச்சை, உள்ளே போனால் மிருகம் இல்லை. குருப்பிரா மரத்தை விட்டுவிட்டு மிருகத்தைக் காப்பதாகக் கதை சொன்னவர்கள் தாவரவியல் படித்துச் சொல்லவில்லை. ஆனால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

மரத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு, இல்லாமல் இல்லை. புயல் வருவதற்கு முன் குருப்பிரா ஆமை ஓட்டைக் கோடரியாகப் பிடித்துக்கொண்டு பெரிய மரங்களின் பலகை வேர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகுமாம், காற்றைத் தாங்குமா என்று. அமேசான் காட்டில் நடுநிசியில் கேட்கும் 'டம்' 'டம்' சத்தத்துக்கு இதுதான் விளக்கம்.

ஆனால் இந்த அச்சம் வேலை செய்வது ஒற்றையடிப் பாதையில் நடந்து போகும் ஓர் ஆளிடம்தான். புல்டோசர் ஓட்டுகிறவனை வட்டம் வட்டமாகச் சுற்றவைக்க முடியாது. அவனுக்குக் காட்டின் வழி தெரிய வேண்டியதே இல்லை, வழியை அவனே போட்டுக்கொண்டு போகிறான். அமேசானில் காடழிப்பின் பெரும் பங்கு மாட்டு மேய்ச்சலுக்காக. வெட்டு, காயவிடு, கொளுத்து, புல் விதை. இதைச் செய்விக்கும் முதலாளி பெரும்பாலும் அந்தக் காட்டுக்குள் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை. அவனுக்கு எந்த விசிலும் கேட்காது.

1970ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்தச் செப்டம்பரில் சாவ் பாவ்லோ மாநில அரசு ஒரு சட்டம் போட்டு, காடுகளுக்கும் அங்கு வாழும் விலங்குகளுக்கும் காவலனின் சின்னமாகக் குருப்பிராவை அறிவித்தது. மாநிலத் தலைநகரின் வனத் தோட்டத்தில் சிலையும் வைத்தார்கள். அடுத்த மாதம், அதாவது அக்டோபரில், ராணுவ ஆட்சியின் அதிபர் மெடிசி, பாரா மாநிலத்தின் அல்த்தமீராவுக்கு வந்தார். அமேசானைக் குறுக்காகக் கிழித்துப் போகும் டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலைக்குத் தொடக்க விழா. ஒரு பிரம்மாண்டமான பிரேசில் கொட்டை மரத்தை வெட்டி, அதன் அடிமரத்தில் ஒரு தகடு பதித்தார்கள். 'இந்தப் பிரம்மாண்டமான பச்சை உலகை வெல்வதற்கான' வரலாற்றுப் பாய்ச்சல் என்று அதில் எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் அந்த அடிமரத்துக்கு 'அதிபரின் கட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெற்கே சிலை, வடக்கே கட்டை.

அந்தச் சாலையும் அதன் கிளைகளும் என்ன செய்தன என்பதை விண்ணிலிருந்து எண்ணலாம். பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆண்டுதோறும் அமேசான் காடழிப்பைக் கணக்கிடுகிறது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டர். ஒரே ஆண்டில் கேரளத்தின் முக்கால் பங்குக்கு நெருக்கமான பரப்பு. பிறகு மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய திட்டத்தால் கிடுகிடுவென இறங்கி, 2012இல் 4,571 சதுர கிலோமீட்டருக்கு வந்தது. 2021இல் மறுபடி 13,038. அவர் 2023இல் திரும்பவும் அமைச்சரான பின் 2024இல், முதற்கட்ட மதிப்பீட்டின்படி, 6,288. இந்த ஏற்ற இறக்கத்தில் குருப்பிராவுக்குப் பங்கில்லை. கண்காணிப்பு, அபராதம், கடன் நிறுத்தம், புதிய காப்புப் பகுதிகள் ஆகியவை இருந்த ஆண்டுகளில் இறங்கியது, அவை தளர்ந்த ஆண்டுகளில் ஏறியது.

அதன் பெயருக்கு மட்டும் பங்குண்டு. 2005 ஜூனில் மாத்தோ குரோசோ மாநிலத்தில் மத்தியக் காவல்துறை நடத்திய பெரிய வேட்டைக்கு 'குருப்பிரா நடவடிக்கை' என்றுதான் பெயர். பிடிபட்டவர்களில் மரவியாபாரிகளோடு, காட்டைக் காக்க வேண்டிய மத்தியச் சுற்றுச்சூழல் அமைப்பான இபாமாவின் ஊழியர்களும் கணிசமாக இருந்தார்கள். குற்றச்சாட்டு, மரம் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டுகளில் மோசடி. திருட்டு மரத்துக்கு, சட்டப்படி வெட்டிய இடத்திலிருந்து வந்ததாகச் சீட்டு. யோசித்துப் பார்த்தால் இது குருப்பிராவின் சொந்த வித்தைதான்: தடம் ஒரு பக்கம் காட்டும், போனது வேறு பக்கம். வேட்டைக்காரர்களை ஏமாற்ற அது செய்ததைக் காட்டுக் கொள்ளையர்கள் அரசை ஏமாற்றச் செய்தார்கள்.

அப்படியானால் நம்பிக்கைக்கும் காட்டுக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் அது நேரடியாக இல்லை, அந்த ஆவிகளோடு குடியிருக்கும் மனிதர்கள் வழியாக வருகிறது. மாப்பியோமாஸ் என்ற ஆய்வுக் கூட்டமைப்பின் கணக்கில், 1990 முதல் 2020 வரை பிரேசிலின் பழங்குடி நிலங்கள் இழந்த இயற்கைத் தாவரப் பரப்பு சுமார் 1 சதவீதம். தனியார் நிலங்களில் அது 20 சதவீதத்துக்கு மேல். இதை ஆவி பயத்தால் என்று சொல்வது அந்த மக்களை அவமதிப்பது. சட்டப்படி எல்லை வகுத்துக் கொடுத்த நிலம் என்பது ஒரு காரணம். அந்த எல்லையில் அவர்களே போய் நிற்பது இன்னொரு காரணம். ஆனால் 'இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் வேறு, நாம் கேட்டுவிட்டு எடுக்கிறோம்' என்ற எண்ணத்தோடு வளர்ந்தவனுக்கும், காட்டை ஹெக்டேர் கணக்கில் விலை பேசுபவனுக்கும் அந்த எல்லை ஒரே மாதிரித் தெரியாது. யானோமாமி என்ற அமேசான் பழங்குடியின் தலைவர் தாவி கோப்பெனாவா பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் போய்ச் சொல்லிவருவது இதைத்தான்: காட்டில் ஷப்பிரி என்ற ஆவிகள் குடியிருக்கின்றன, காடு போனால் அவை போய்விடும், அவை போனால் வானம் இடிந்து விழும். 1992இல் யானோமாமி நிலத்துக்கு எல்லை வகுக்கவைத்த போராட்டத்தில் அவர் குரல் முக்கியமானது. தங்கம் தோண்டுபவர்கள் அதற்குப் பிறகும் அந்த எல்லையை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மரன்யாவ் மாநிலத்தின் அரரிபோயா நிலத்தில் குவஜஜாரா மக்கள் தாங்களே ஒரு காவல் படை வைத்திருக்கிறார்கள். பெயர் 'வனத்தின் காவலர்கள்'. ரோந்து போய், திருட்டு மரவெட்டிகளின் முகாமைக் கண்டுபிடித்து விரட்டுகிறார்கள். அதே நிலத்துக்குள் வெளியுலகத் தொடர்பில்லாத அவா மக்களும் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காவல். 2019 நவம்பர் 1 அன்று இந்தப் படையைச் சேர்ந்த பாவ்லோ பவ்லீனோ குவஜஜாரா தன் சொந்த நிலத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குருப்பிராவுக்கு இருக்கும் வசதி இவர்களுக்கு இல்லை. இவர்களின் பாதம் முன்பக்கம்தான் பார்க்கிறது, தடத்தைப் பின்தொடர்ந்தால் ஆள் கிடைத்துவிடுவார்.

குருப்பிராவின் தற்போதைய வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். அமசோனாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரத்தில் கட்டும் சிறு பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். இணைய மோடம் அளவுதான் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் செயின்சா, டிராக்டர் சத்தம் கேட்டால் இனம் கண்டு தகவல் அனுப்பும். அதற்கும் குருப்பிரா என்றே பெயர். விசிலடித்துத் திரிந்தது இப்போது காது கொடுத்துக் கேட்கும் வேலைக்கு வந்துவிட்டது. எனக்கென்னவோ சிலையைவிட இந்தப் பெட்டிதான் அதற்குப் பொருத்தமான மரியாதையாகப் படுகிறது. 2025 நவம்பரில் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கும் அதுவே சின்னம்: தலையில் நெருப்பு, முகத்தில் சிரிப்பு, பாதம் மட்டும் பழையபடி. அதே ஊரில் காட்டை ஊடுருவி 13 கிலோமீட்டருக்கு ஒரு நான்குவழிச் சாலை போட்ட சர்ச்சையும் அந்த ஆண்டுதான் வெடித்தது. மாநாட்டுக்காகப் போட்டதல்ல, பழைய திட்டம் என்றது மாநில அரசு.

இனி முடிச்சு. உண்மையில் செய்தார்கள். இங்கிலாந்தின் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் 1848 முதல் 1859 வரை அமேசானில் பூச்சிகளைச் சேகரித்துக்கொண்டு அலைந்தவர். காட்டுக்குள் திடீரென்று ஒரு சத்தம், உள்ளே பொத்தலான மரத்தை இரும்புத் தடியால் அடித்தது போல. அல்லது காற்றைக் கிழிக்கும் ஓர் அலறல். அதற்குப் பின் வரும் அமைதி அதைவிட மோசம். இப்படி நடக்கும்போதெல்லாம் அவரிடம் வேலைக்கு இருந்த கலப்பின இளைஞன் ஒருவன் நடுங்கிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கி, திரும்பிவிடலாம் என்று கெஞ்சுவானாம். பிறகு இளம் பனையோலை ஒன்றைப் பறித்துப் பின்னி, வளையமாக முடிந்து, வந்த வழியில் ஒரு கிளையில் தொங்கவிடுவான். அதன் பிறகுதான் அவனுக்கு உயிர் வரும்.

கொடியில் செய்வதும் இதே மாதிரிதான். கொடியை வளையமாகச் சுற்றிச் சுற்றி, நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி உள்ளே செருகிவிட வேண்டும், அதில்தான் கைத்திறமை. அதைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிய வேண்டும். குருப்பிராவுக்கு முடிச்சைக் கண்டால் விட மனசு வராது, உட்கார்ந்து நுனியைத் தேட ஆரம்பித்துவிடும். அது தேடி முடிப்பதற்குள் நடையைக் கட்ட வேண்டும்.